ஆல்டோவுக்குத் தர வேண்டிய ஒரு நாள்

அத்தியாயம் பதினெட்டு

நூற்றுப் பதினோரு டாலர் நாற்பது சென்ட். எழுபத்தொன்பதாம் வருஷம் பெல்டன் துறைமுகத்தில் ஒரு தீயணைப்புக்காரனுக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு அதுதான் சம்பளம். ரெய்னோ காங்கஸ் தன் கூட்டாளி ஆல்டோ பிசெல்லிக்குத் தர வேண்டியிருந்ததும் அதுதான். நாற்பத்தாறு வருஷமாகத் தர வேண்டியிருந்தது.

தரப் பார்க்காமல் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ரெய்னோ பணத்தை ஓர் உறையில் போட்டு ஆல்டோவின் வண்டி ஜன்னலில் நீட்டினார். ஆல்டோ அந்த உறையை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தீயணைப்பு நிலையத்து வழக்கம் அப்படி. ஒருவனுக்கு அவசரம் என்றால் இன்னொருவன் அவன் ஷிஃப்டில் நிற்பான். நின்றதற்குக் காசு வாங்க மாட்டான். பதிலுக்கு இவன் ஒரு நாள் அவனுக்காக நிற்க வேண்டும். நாளுக்கு நாள், உடம்புக்கு உடம்பு.

ரெய்னோ நிற்கத் தயாராகத்தான் இருந்தார். ஆல்டோதான் விடவில்லை. கேட்கும்போதெல்லாம் "இப்ப வேணாம்" என்பார். வருஷங்கள் போயின, இரண்டு பேருக்கும் வேலை போயிற்று, தலைமுடி போயிற்று. அந்த ஒரு நாள் மட்டும் போகாமல் நடுவில் கிடந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை, மகள் மார்லீன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆல்டோதான்.

"டேய் ஃபின்லாந்துக்காரா. வியாழக்கிழமை க்ளீவ்லாண்ட்ல எனக்கு நெஞ்சு வால்வு மாத்தறாங்க. ஒரு ராத்திரி தங்கணுமாம். ஃபிலிஸ தனியா விட முடியாது. கூலிக்கு ஆள் வெச்சா துடைப்பத்தால அடிக்கிறா. பழைய ஆளுங்கள மட்டும்தான் அவளுக்கு அடையாளம் தெரியுது. அதுல நீ ஒருத்தன்தான் இன்னும் மண்ணுக்கு மேல இருக்க. என் நாளக் குடு."

ரெய்னோ எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். "எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு எட்டு. வேற எப்ப?"

போனை வைத்ததும் மார்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்களுக்கு எண்பத்தொன்பது வயசு. மாடிப்படி ஏறினா நடுவுல ரெண்டு இடத்துல நின்னு மூச்சு வாங்குது. ஒரு முழு நாள், ஒரு முழு ராத்திரி, ஆல்டோ மாமாவோட அறிவு தடுமாறின சம்சாரத்தோட தனியா. திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு நாம முதியோர் இல்லத்துக்குப் போகணும். அது வரைக்குமாவது உடம்ப ஒரு இடத்துல வைங்களேன்."

"திங்கக்கெழமைக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார் ரெய்னோ. இல்லத்துக்கு வருகிறேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முன்பணம் கட்டிய ரசீது மேஜைமேல் பத்து நாளாகக் கிடக்கிறது. அதன்மேல்தான் காபிக் கோப்பையை வைத்துக் குடிக்கிறார்.

*

வியாழக்கிழமை ரெய்னோ நாலு மணிக்கே எழுந்துவிட்டார். மழுங்கச் சிரைத்தார். ஒரு மாற்றுத்துணியைக் கடற்படையில் கற்றுக்கொடுத்த மாதிரி இறுக்கமாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். மாத்திரை டப்பா, டார்ச் விளக்கு, முந்தின நாள் மார்லீன் சுட்ட ஏலக்காய் ரொட்டி. பிறகு ஏழு மணி வரை வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

மார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை ஓட்டத்தை இன்னொருத்தியிடம் மாற்றிவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றினாள். ஏழரைக்குப் பாலத்தடிக்கு வந்தபோது பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். இரும்புத்தாது ஏற்றும் கப்பல் ஒன்று ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"இவனுங்களுக்கு நேரம் காலம் கிடையாது," ரெய்னோ முன்பலகையில் விரலால் தட்டினார்.

"அரைமணிக்கு ஒரு தடவை தூக்குவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"எட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நிக்கணும். எட்டுக்கு வர்றவன் லேட்டா வர்றவன்."

இந்த மனுஷனோடு இதைப் பேசி ஜெயித்தவர்கள் யாருமில்லை. பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர். நாலு வருஷம் போர்க்கப்பலின் பாய்லர் அறையில் தீயை வளர்க்கிற வேலை. கரைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் தீயை அணைக்கிற வேலை. அதற்கப்புறம் முப்பத்தாறு வருஷம் சும்மா இருக்கிற வேலை. அந்த மூன்றாவதுதான் அவருக்குக் கைவரவில்லை. இன்றைக்கும் பூட்ஸை வாய் திறந்தபடி கட்டிலோரம் வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். மூடின கதவு எதுவானாலும் திறக்குமுன் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கிறார். பல் டாக்டர் வீட்டுக் கதவைக்கூட.

எட்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது ஆல்டோவின் வீட்டு வாசலில் நின்றார்கள். ஆல்டோ கோட்டு மாட்டிக் கையில் சின்னப் பெட்டியோடு தயாராக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை ஓடவிட்டபடி தெருவில் காத்திருந்தான்.

"வந்துட்டானா, படகு பாக்கப் போனவன்," என்றார் ஆல்டோ.

"வந்துட்டேன், சோத்து மூட்டை. என்ன நிலவரம்?"

நிலையத்தில் ஷிஃப்ட் மாறும்போது எப்படி ஒப்படைப்பார்களோ அப்படியே ஆல்டோ விரல்விட்டுச் சொன்னார். "காஸ் வால்வு அடுப்புக்குப் பின்னால, மூடி வெச்சிருக்கேன். சமைச்சா திறந்து, உடனே மூடு. பின்கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள். முன்கதவு தாழ்ப்பாள் சரியில்ல. நீ முதல்ல சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா. சாயங்காலம் அஞ்சு மணி ஆனா நடக்க ஆரம்பிப்பா. நான் எங்கன்னு கேட்டா ஷிஃப்ட்ல இருக்கான்னு சொல்லு. கையப் புடிச்சு நிறுத்தாத. புடிச்சா அடிப்பா."

"யார் ஷிஃப்ட்டுன்னு கேட்டா?"

ஆல்டோ அவரைப் பார்த்தார். "கேப்பா," என்று மட்டும் சொன்னார்.

மார்லீன் சமையல்கட்டில் ரொட்டியை வைக்க இடம் தேடினாள். குளிர்பெட்டிக் கதவில், பேரப்பிள்ளைகள் படங்களுக்கு நடுவே, காந்தத்தில் ஒரு மஞ்சளாகிப்போன சீட்டு. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் எழுதி வைக்கிற சீட்டு. 'காங்கஸ் இடத்தில் பிசெல்லி. எட்டுக்கு எட்டு. நவம்பர் 9, 79.'

கதையை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டவள்தான். அப்பா தன் பழைய கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவர ஒரு நாள் போனார், ஆல்டோ மாமா அவர் இடத்தில் நின்றார். அதுதான் 'படகு பாக்கப் போனவன்'. ஆனால் என்றைக்கு என்று யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

நவம்பர் ஒன்பது, எழுபத்தொன்பது. அந்தத் தேதி அவளுக்குத் தெரியும்.

அப்பா அடுப்புக்குப் பின்னால் குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் மகளையும் பார்த்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்த சீட்டையும் பார்த்தார்.

"உனக்கு மத்தியான ஓட்டம் இருக்கில்ல? கிளம்பு," என்றார்.

*

மத்தியானம் நாற்பத்திரண்டு பிள்ளைகளைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு மார்லீன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. பின்னாலிருந்து ஒருத்தி, "மிஸ், எங்க வீடு போயிடுச்சு," என்றாள்.

அவளுக்குப் பதினேழு வயது அப்போது. ரூடி என்று ஒருவன், தாதுக் கப்பலில் தளத்துக் கூலி. அவனை நம்பி டொலீடோவுக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் ரூடி சிகரெட் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். கப்பல் ஏறிவிட்டான் என்று விடுதிக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அறை வாடகைக்கு அவளிடம் காசில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அப்பா. துறைமுகத்தில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக் கொடுத்தார். "கார்ல ஹீட்டர் வேலை செய்யல. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கோ," என்றார். வாடகையைக் கட்டினார். நேரே மிச்சிகனில் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். கிறிஸ்துமஸ் வரை அங்கே இருந்துவிட்டு வந்தாள். சித்திக்கு உடம்பு சரியில்லை, ஒத்தாசைக்குப் போனாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரும் நம்பிற்று.

அன்று அப்பாவுக்கு வார விடுமுறை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுப் பஸ்ஸை நிறுத்திக் கையெழுத்துப் போட்டுக் காரை எடுக்கும்போது ஐந்தேகால். பாலம் இறங்கித்தான் இருந்தது, ஆனால் பாலத்துக்கு இந்தப்பக்கம் சாலை வேலை நடந்தது. அரை மைலை ஓட்ட இருபது நிமிஷம் ஆயிற்று.

ஆல்டோ மாமா வீட்டு முன்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. மேஜையில் இரண்டு தட்டு, பாதி உரித்த உருளைக்கிழங்கு, அடுப்பில் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தாள். காஸ் வால்வு மூடியிருந்தது. அப்பாவின் மாத்திரை டப்பாவில் மாலை வேளைக்குள்ளது அப்படியே இருந்தது.

"அப்பா?"

அறை அறையாகப் பார்த்தாள். மறுபடி காரில் ஏறினாள். எந்தப் பக்கம் என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு இறக்கத்தில், துறைமுகப் பக்கம் திருப்பினாள். ஃபிலிஸ் அத்தைக்கு இந்த ஊரில் நடந்து போக ஓர் இடம்தான் உண்டு.

*

பழைய தீயணைப்பு நிலையம் இப்போது டயர்க் கடை. வண்டிகள் வெளியே வரும் பெரிய கதவுகள் இரண்டையும் கண்ணாடியாக்கிவிட்டார்கள். கடை சாத்தியிருந்தது. ஏரிக்காற்று முகத்தில் அடித்தது.

கதவுக்கு முன்னால் ஃபிலிஸ் அத்தை. இரவு உடுப்பு, காலில் ஆல்டோ மாமாவின் ரப்பர் பூட்ஸ், மேலே அப்பாவின் கோட்டு. கண்ணாடியை முஷ்டியால் இடித்துக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளி அப்பா வெறும் சட்டையோடு சுவரில் கை ஊன்றி நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

மார்லீன் ஓடிப்போய் தன் ஸ்வெட்டரை அவர் தோளில் போட்டாள். "என்னப்பா இது?"

"நிறுத்த முடியல," மூச்சுக்கு நடுவே சொன்னார். "புடிச்சா அடிப்பா. அதான் கூட நடந்தேன்."

"ஆறு தெருப்பா."

"ஏழு."

"கதவத் தொறங்கடா," அத்தை உள்ளே இருந்த டயர்களைப் பார்த்துச் சொன்னாள். "ஆல்டோவ அனுப்புங்க. வலி வந்துடுச்சு. ரெண்டு மாசம் இருக்கு, இப்பவே வந்துடுச்சு. போன் அடிச்சா ஒருத்தனும் எடுக்கல."

மார்லீன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் தானியக் கிடங்குத் தீக்குப் போயிருந்தாங்க," மெல்லச் சொன்னார். "நிலையத்துல போன் எடுக்க ஆளில்ல. பக்கத்து வீட்டுக்காரி பாத்து, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... பொண்ணு. மூச்சு விடல."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

ஃபிலிஸ் அத்தை ஒரு பிள்ளையை இழந்தவள் என்பது மார்லீனுக்குத் தெரியும். பிறகு பீட்டர் பிறந்தான், இப்போது அரிசோனாவில் இருக்கிறான். அந்த முதல் பிள்ளை என்றைக்கு என்பது தெரியாது. அன்று அவள் மிச்சிகனில் சித்தி வீட்டு வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை திரும்பினாள். அவள் கண் அப்பாமேல் நிற்காமல் மார்லீன்மேல் வந்து நின்றது. "நீயாவது சொல்லு. அவன் இன்னிக்கு வீட்டுல இருக்க வேண்டியவன். அந்த ஃபின்லாந்துக்காரனுக்காக நிக்கிறான். அவன் எங்க போயிருக்கான் தெரியுமா? படகு பாக்க. நான் சமையல்கட்டுத் தரையில கெடக்கேன், அவன் ஒரு ஓட்டப் படகப் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

ரெய்னோ சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றார். இதைக் கேட்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் காலையில் சிரைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று மார்லீனுக்கு அப்போதுதான் பட்டது.

"அத்தை," என்றாள். "அவர் படகு பாக்கப் போகல."

"மார்லீன்," என்றார் ரெய்னோ.

"என்னைக் கூட்டிட்டு வரப் போனார். ஒருத்தன நம்பி டொலீடோவுக்கு ஓடிப்போயிட்டேன். அவன் என்னை அங்கயே விட்டுட்டுப் போயிட்டான். ஊருக்குத் தெரிஞ்சா எனக்குக் கெட்ட பேருன்னு அப்பா படகுன்னு பொய் சொன்னார்."

அத்தை கண்ணாடியை இடிப்பதை நிறுத்தினாள். மார்லீனைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். அறுபத்துமூன்று வயது முகம், நரைத்த முடி, பள்ளிக்கூட பஸ் கம்பெனி சட்டை. அத்தை என்ன பார்த்தாளோ.

"எத்தனை வயசு உனக்கு?"

"பதினேழு," என்றாள் மார்லீன்.

"அடிச்சானா அந்தப் பய?"

"இல்ல அத்தை. சிகரெட் வாங்கப் போனான்."

"கெடச்சியா உங்கப்பனுக்கு?"

"கெடச்சேன்."

அத்தை இரண்டடி எடுத்து வைத்து ரெய்னோவின் தோளில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினாள். கிழவர் தள்ளாடினார், ஆனால் நகரவில்லை.

"படகுன்னு ஏன்டா சொன்ன, முட்டாள்," என்றாள். "பொண்ணுன்னு சொன்னா நான் புரிஞ்சுக்க மாட்டேனா?"

"தப்புதான், ஃபிலிஸ்."

"எனக்குக் கால் வலிக்குது. இந்த பூட்ஸ் யாருது? வீட்டுக்குப் போலாம்."

காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், "ஆல்டோ எங்க? யார் ஷிஃப்ட்ல நிக்கிறான்?" என்று மறுபடி கேட்டாள். அவ்வளவுதான், சொன்னது எதுவும் அவளிடம் தங்கவில்லை.

மார்லீன் ஹீட்டரை முழுசாகத் திருகினாள். "நாப்பத்தாறு வருஷம்பா. ரெண்டு பேரும் உங்கள படகு பாக்கப் போனவன்னுதான் நினைச்சாங்க."

"நினைச்சா என்ன?"

"சொல்லியிருக்கலாமே. ஆல்டோ மாமாகிட்ட மட்டுமாவது."

"சொன்னா? அவன் பொண்ணு போச்சு. என் பொண்ணு கெடச்சுதுன்னு எந்த வாயால போய்ச் சொல்றது?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "படகுன்னா அவனுக்கு என்மேல கோவப்பட வசதி. பட்டுட்டுப் போகட்டும்."

*

வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டு, சூப் குடித்து, அப்பாவின் உதடு பழைய நிறத்துக்கு வந்தபிறகும் மார்லீன் கிளம்பவில்லை. மறுநாள் காலை ஓட்டத்தையும் போனில் சொல்லி மாற்றிவிட்டாள்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் ரெய்னோ. "என் நாள். நான்தான் நிக்கணும்."

"பாதி என்னோடது."

"அப்படில்லாம் பிரிக்க முடியாது."

"எனக்காகத்தானே போனீங்க? கடன்ல எனக்குப் பங்கில்லையா?"

அவர் யோசித்தார். நியாயத்தை எடைபோடுவது முகத்தில் தெரிந்தது. "கப்பல்ல காவல் ஆளுக்கு நாலு மணி நேரம்," என்றார் கடைசியில். "பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் நீ. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன்."

கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். அத்தை நாலு தடவை எழுந்தாள், நாலு தடவையும் யாரோ ஒருவர் கூட நடந்தார். நாலு மணிக்கு மார்லீன் எழுப்பப் போனபோது அவர் பூட்ஸ் மாட்டிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தூங்கினாரா என்று கேட்கவில்லை.

காலையில் முட்டை பொரித்தார். முதலில் தான் சாப்பிட்டார். அத்தையும் சாப்பிட்டாள். ஏழே முக்காலுக்குச் சிரைக்கப் போனார். எட்டடித்து மூன்றாவது நிமிஷம் சுவரிலிருந்த போன் அடித்தது. மார்லீன் எடுத்தாள்.

"யாரு, மார்லீனா? நீ என்ன பண்ற அங்க? கெழவன் விழுந்துட்டானா?"

"நல்லா இருக்கார், மாமா. உங்களுக்கு எப்படி?"

"வால்வு மாத்தியாச்சு. தொடையில இருந்து நெஞ்சு வரைக்கும் கம்பி விட்டானுங்க. அடைஞ்ச சாக்கடையக் குத்துற மாதிரி."

குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும். மார்லீன் சொன்னாள். டொலீடோ, ரூடி, விடுதி, தேதி, எல்லாம். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு காலம் மறைத்து வைத்தது இவ்வளவுதானா என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் கருவி ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கூவியது.

"மாமா?"

"அவன்கிட்ட குடு."

ரெய்னோ ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து வாங்கினார். ஆல்டோவுக்குக் காது மந்தம். அவர் பேசினால் ரிசீவர் வேண்டாம், அடுத்த அறைக்கே கேட்கும்.

"சாப்பிட்டாளா?"

"ரெண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி. உப்பு இல்லன்னு திட்டினா."

"தூங்கினாளா?"

"நாலு தடவை எழுந்தா. சாயங்காலம் வெளிய போயிட்டா. நிலையத்துக்கு."

"விட்டுட்டியா?"

"கூடத்தான் போனேன்."

"பொண்ணக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொல்லியிருந்தா நான் நிக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார் ஆல்டோ.

"மாட்ட."

"பின்ன?"

"நீ ஃபிலிஸ்கிட்ட சொல்லுவ. ஃபிலிஸ் மாதா கோயில்ல சொல்லுவா."

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம். "அது உண்மைதான்." அப்புறம் குரல் இறங்கிற்று. "நான் அன்னிக்கு வீட்டுல இருந்திருக்கலாம். அத என்னால மறக்க முடியாதுடா."

"மறக்க வேணாம்."

"ஆனா மணி எட்டு தாண்டிடுச்சு. நாள் முடிஞ்சுது. நீ எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

ரெய்னோ பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நுரை கன்னத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. "சரி," என்றார். மறுபடியும், "சரி," என்றார்.

"இன்னொண்ணு," என்றார் ஆல்டோ. "இவனுங்க விட மாட்டேங்கறானுங்க. தொடையில ரத்தம் கசியுதாம். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்குத்தான் அனுப்புவானுங்களாம். பீட்டருக்கு போன் போட்டேன், எடுக்கல. ஃபிலிஸ யாரு..."

"யாரும் வேணாம். நான் இருக்கேன்."

மார்லீன் நிமிர்ந்தாள். திங்கட்கிழமை எட்டுக்கு ஆல்டோ மாமா அங்கிருந்து கிளம்பினாலும் இங்கே வந்து சேரப் பத்தாகிவிடும். இல்லத்தில் பத்து மணிக்கு எதிர்பார்ப்பார்கள். அப்பாவை முறைத்தாள். அவர் அந்த முறைப்பை முழுசாக வாங்கிக்கொண்டு போனில் பேசினார்.

"ஆனா ஒண்ணு. எட்டு மணிக்கு மேல நிக்கிறது உன் கணக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாள்."

"மூணு நாளா? எனக்கு எண்பத்துநாலுடா. எப்ப திருப்பித் தர்றது?"

"நாப்பத்தாறு வருஷம் டைம் தர்றேன்."

அந்தப் பக்கம் நர்ஸ் யாரோ அதட்டுவது கேட்டது. அதையும் மீறி ஆல்டோவின் குரல் சமையல்கட்டு முழுக்க வந்தது.

"எழுதிக்கோ."

ரெய்னோ ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளிடம் கை நீட்டினார். மார்லீன் கொஞ்ச நேரம் கொடுக்காமல் நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.